பால் கலப்படம்: சட்டம் இருக்கிறது, வழக்கு எங்கே நிற்கிறது?

பாலில் கலப்படம் என்ற செய்தி நம் கைப்பேசிக்கு வராத மாதம் இல்லை. யூரியா கலக்கிறார்கள், சோப்புத் தூள் கலக்கிறார்கள், பிளாஸ்டிக் பால் வந்துவிட்டது என்று காணொளிகள் சுற்றுகின்றன. பார்க்கும் தாய்மார்கள் பதறுகிறார்கள். மறுநாள் காலை அதே கடையில் அதே பாக்கெட்டை வாங்குகிறார்கள். வேறு வழியும் இல்லை. குழந்தையின் பால் டம்ளர் முதல் ரமளானில் ஸஹர் நேரத்துத் தேநீர் வரை நம் வீடுகளில் பால் இல்லாத நாள் கிடையாது.

இந்தப் பதற்றத்தில் நாம் கேட்க மறந்துவிடும் கேள்வி ஒன்று உண்டு. தவறு செய்த நிறுவனம் பிடிபட்டால் அதற்குப் பிறகு என்ன நடக்கிறது? மாதிரி எடுத்தார்கள் என்பது வரை செய்தி வருகிறது. வழக்கு என்ன ஆனது, யார் எவ்வளவு கட்டினார்கள், யார் சிறைக்குப் போனார்கள் என்ற செய்தி வருவதே இல்லை.

வதந்தியும் ஆய்வும்

முதலில் ஆய்வுகள் சொல்வதைப் பார்ப்போம். உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம் 2011-ல் நாடு முழுவதும் 1,791 பால் மாதிரிகளை எடுத்துச் சோதித்தது. அவற்றில் 68.4 சதவீதம் தரத்துக்கு உட்படவில்லை. அதே ஆணையம் 2018-ல் 6,432 மாதிரிகளைச் சோதித்தபோது படம் மாறியது. கலப்படப் பொருள் சேர்க்கப்பட்டதாக உறுதியானவை 12 மாதிரிகள் மட்டுமே. ஏறத்தாழ 93 சதவீதம் குடிக்கப் பாதுகாப்பானவை. ஆனால் 41 சதவீத மாதிரிகள் கொழுப்பு, கொழுப்பல்லாத திடப்பொருள் போன்ற ஏதாவது ஒரு தர அளவில் குறைந்திருந்தன.

அதாவது, காணொளிகள் காட்டும் அளவுக்கு நம் பாலில் விஷம் இல்லை. பாக்கெட் மீது அச்சிட்ட தரத்துக்கும் உள்ளே இருக்கும் பாலுக்கும் உள்ள இடைவெளிதான் பரவலாக இருக்கிறது. உயிரை எடுக்காத, ஆனால் தினமும் நம் பையிலிருந்து எடுக்கும் மோசடி இது.

2017-ல் தமிழகத்தின் அன்றைய பால்வளத் துறை அமைச்சரே தனியார் நிறுவனங்கள் பாலில் ரசாயனம் கலப்பதாக மேடைகளில் பேசினார். நிறுவனங்கள் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போயின. ஆதாரமின்றி அவ்வாறு பேசுவதற்கு நீதிமன்றம் தடை விதித்தது. மாதிரி எடுக்கவும் வழக்குப் போடவும் அதிகாரிகளை வைத்திருக்கும் அரசின் அமைச்சர், வழக்கை விட்டுவிட்டுப் பேச்சைக் கையில் எடுத்தால் அது இப்படித்தான் முடியும். மக்களுக்குப் பயம் மிஞ்சியது, நிறுவனங்களுக்குத் தடையுத்தரவு கிடைத்தது. ஒரு செய்தி வந்தால் அதைத் தீர விசாரியுங்கள் என்று ஸூரத்துல் ஹுஜுராத் நமக்குக் கற்றுத்தரும் ஒழுக்கம் ஆட்சியாளருக்கும் பொருந்தும்.

மூன்று வகைக் குற்றங்கள்

2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் தவறுகளைத் தரம் பிரிக்கிறது. இதைப் புரிந்துகொண்டால்தான் வழக்குகள் ஏன் இப்படி முடிகின்றன என்பது விளங்கும்.

முதலாவது, தரம் குறைந்த உணவு. 4.5 சதவீதம் கொழுப்பு என்று எழுதிவிட்டு அதற்குக் குறைவாகக் கொடுப்பது இதில் வரும். இதற்குச் சிறை இல்லை. அதிகபட்சம் 5 லட்சம் ரூபாய் அபராதம்.

இரண்டாவது, லேபிள் தவறு. பொய்யான அல்லது திசைதிருப்பும் வாசகம், விடுபட்ட விவரம், வேறொன்றைப் போலத் தோன்றும் பாக்கெட் ஆகியவை. இதற்கும் சிறை இல்லை. அதிகபட்சம் 3 லட்சம் ரூபாய் அபராதம்.

மூன்றாவது, பாதுகாப்பற்ற உணவு. உடல்நலத்துக்குக் கேடு செய்யும் பொருள் இருந்தால் மட்டுமே இது குற்றவியல் வழக்காகும். யாருக்கும் பாதிப்பு ஏற்படாத நிலையில் இருந்த 6 மாதச் சிறையை 2023-ஆம் ஆண்டின் ஜன் விஷ்வாஸ் சட்டம் 3 மாதமாகக் குறைத்து, அபராத உச்சத்தை 1 லட்சத்திலிருந்து 3 லட்சமாக்கியது. கடுமையான பாதிப்பு என்றால் 6 ஆண்டு வரை சிறை. மரணம் நேர்ந்தால் 7 ஆண்டுக்குக் குறையாமல் ஆயுள் வரை.

முதல் இரண்டு வகைகளும் நீதிமன்றத்துக்கே போவதில்லை. தமிழகத்தில் மாவட்ட வருவாய் அலுவலர் விசாரித்து அபராதம் விதிக்கிறார். இங்கே ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர் விற்கும் நிறுவனம், கொழுப்பைக் குறைத்து லிட்டருக்கு ஒரு ரூபாய் மிச்சம் பிடிப்பதாக வைத்துக்கொள்வோம். ஐந்து நாளில் 5 லட்சம். சட்டம் விதிக்கக்கூடிய உச்சபட்ச அபராதம் அதன் ஐந்து நாள் ஆதாயத்துக்குச் சமம். ஆறாவது நாளிலிருந்து எல்லாம் லாபம்தான். சட்டத்தின் 49-ஆவது பிரிவு, முறைகேட்டால் கிடைத்த ஆதாயத்தையும் திரும்பத் திரும்பச் செய்த தவறையும் கணக்கில் எடுத்து அபராதம் விதிக்கச் சொல்கிறது. ஆனால் உச்சவரம்பு பெரிய நிறுவனத்துக்கும் தெருமுனைக் கடைக்கும் ஒன்றாகவே இருக்கிறது.

ஒரு மாதிரியின் பயணம்

உணவுப் பாதுகாப்பு அலுவலர் பால் மாதிரி எடுத்தால் அதை நான்கு பாகங்களாகப் பிரிக்க வேண்டும். ஒன்று உணவுப் பகுப்பாய்வாளருக்கு. இரண்டு மாவட்ட நியமன அலுவலரிடம் பத்திரமாக இருக்கும. நான்காவதை விற்பனையாளர் கேட்டால் அவர் செலவில் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்துக்கு அனுப்பலாம். பகுப்பாய்வாளர் 14 நாளில் அறிக்கை தர வேண்டும். அறிக்கை பாதகமாக இருந்தால் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்து, மேலாய்வு ஆய்வகத்தில் மறுசோதனை கேட்கலாம். சிறைத் தண்டனைக்குரிய குற்றம் என்றால் மாநில உணவுப் பாதுகாப்பு ஆணையரின் அனுமதி பெற்ற பிறகே வழக்குத் தொடர முடியும்.

இத்தனையும் நியாயமான பாதுகாப்புகள்தான். குற்றம் சாட்டப்பட்டவருக்கும் உரிமை உண்டு. ஆனால் தவறு நடந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் நீதிமன்றம் வழக்கை ஏற்றாக வேண்டும் என்று 77-ஆவது பிரிவு சொல்கிறது. ஆணையர் காரணத்தை எழுத்தில் பதிந்தால் மூன்றாண்டு வரை நீட்டிக்கலாம். பால் கெட்டுப்போகும் பொருள். மாதிரியைப் பதப்படுத்துவதில், சீல் வைப்பதில், குளிர்நிலையில் அனுப்புவதில் ஒரு பிழை நேர்ந்தாலும் நிறுவனத்தின் வழக்கறிஞருக்கு அதுவே போதும். தமிழகம் முழுமைக்கும் சென்னை, தஞ்சாவூர், மதுரை, சேலம், கோவை, பாளையங்கோட்டை என ஆறு அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடங்களே உள்ளன. பால் மட்டுமல்ல, எண்ணெய், மசாலா, குடிநீர் என எல்லா மாதிரிகளும் அங்கேதான் போய்ச் சேருகின்றன. சட்டப் புத்தகத்தில் எத்தனை ஆண்டுச் சிறை எழுதியிருந்தாலும், மாதிரி பிழையின்றி ஆய்வகம் சேர்ந்து, அறிக்கை நாள் தவறாமல் திரும்பி வந்தால்தான் அதற்கு உயிர்.

யார் மாட்டுகிறார்கள்?

உச்ச நீதிமன்றம் 2019 அக்டோபரில் தீர்ப்பளித்த ஒரு வழக்கை இங்கே சொல்ல வேண்டும். உத்தரப் பிரதேசத்தில் ஒரு பால் விற்பனையாளரிடம் 1995-ல் மாதிரி எடுக்கப்பட்டது. கொழுப்பு 4.6 சதவீதம் இருந்தது. கொழுப்பல்லாத திடப்பொருள் 8.5 சதவீதம் இருக்க வேண்டிய இடத்தில் 7.7 சதவீதமே இருந்தது. பழைய உணவுக் கலப்படத் தடைச் சட்டத்தின்கீழ் அவருக்கு 6 மாதச் சிறை. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை வந்து, சட்டம் விதித்த அளவுக்குச் சற்றே குறைந்தாலும் குறைவு குறைவுதான் என்று தண்டனை உறுதியானது. இடையில் 24 ஆண்டுகள் ஓடிவிட்டன.

சட்டப்படி தீர்ப்பு சரியாக இருக்கலாம். ஆனால் சைக்கிளிலும் கேனிலும் பால் விற்கும் எளியவர் கால் நூற்றாண்டு நீதிமன்றப் படியேறுவதும், அதே குறையைப் பாக்கெட்டில் அடைத்து விற்கும் நிறுவனம் இன்றைய சட்டத்தில் அபராதத்தோடு நடையைக் கட்டுவதும் நீதியின் தராசு சமமாக இருப்பதைக் காட்டவில்லை. கடைக்காரர் விஷயமும் அப்படியே. சீல் பிரிக்காத பாக்கெட்டின் உள்ளே இருக்கும் குறைக்குத் தயாரிப்பாளரே முதல் பொறுப்பு. காலாவதியான பாலை விற்றாலோ, கெட்டது என்று தெரிந்தே விற்றாலோ, யாரிடமிருந்து வாங்கினோம் என்று காட்ட முடியாவிட்டாலோ கடைக்காரர் பொறுப்பாகிறார். மளிகைக் கடையும் தேநீர்க் கடையும் நடத்தும் நம் சகோதரர்கள் பலர் கொள்முதல் ரசீது வாங்குவதில்லை. பிரச்சினை வரும் நாளில் அந்த ரசீதுதான் அவர்களுக்குக் கேடயம்.

பெரிய இடத்தில் நடப்பது எப்படி என்பதற்கு 2014-ஆம் ஆண்டு ஆவின் விவகாரமே சாட்சி. சென்னைக்கு வந்துகொண்டிருந்த டேங்கர் லாரியிலிருந்து பாலைத் திருடி, ஈடாகத் தண்ணீர் கலந்தது திண்டிவனம் அருகே பிடிபட்டது. பாக்கெட்டை வாங்கிய எந்தக் குடும்பமும், விற்ற எந்தக் கடைக்காரரும் கண்டுபிடித்திருக்கவே முடியாத கலப்படம் அது. விற்பனைக் கடையில் மட்டும் மாதிரி எடுத்தால் போதாது. கொள்முதல் நிலையம், டேங்கர், பாக்கெட் போடும் ஆலை என்று சங்கிலி முழுவதிலும் எடுக்க வேண்டும்.

சட்டத்தின் கை எட்டாத இடம்

2018 ஆய்வில் வந்த இன்னொரு முடிவு தமிழகத்துக்கு நேரடியானது. அஃப்ளாடாக்சின் எம்1 என்ற பூஞ்சை நச்சு நாடு முழுவதும் 5.7 சதவீத மாதிரிகளில் வரம்பைத் தாண்டியிருந்தது. எண்ணிக்கையில் முதலிடம் தமிழகம்: சோதித்த 551 மாதிரிகளில் 88. பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கு, மக்காச்சோளம் போன்ற தீவனத்தை மாடு தின்பதால் இது பாலில் இறங்குகிறது. காய்ச்சினாலும் போகாது. அஃப்ளாடாக்சின் ஈரல் புற்றுநோயோடு தொடர்புடையது.

இதை யாரும் கலக்கவில்லை. அதனால் காணொளியில் வராது. சட்டத்திலும் இதன் வேரைப் பிடிக்க இடமில்லை. உணவு என்பதற்குச் சட்டம் தரும் வரையறையே கால்நடைத் தீவனத்தை வெளியே நிறுத்திவிடுகிறது. பாக்கெட் போட்ட நிறுவனத்தின் மீது பாதுகாப்பற்ற உணவு என்று வழக்குப் போடலாம். பூஞ்சைத் தீவனத்தை மூட்டை கட்டி விற்றவரை இந்தச் சட்டம் தொடாது. விவசாயிக்கு உலர்ந்த தீவனம் கிடைக்க வழிசெய்வதும், கொள்முதல் நிலையத்திலேயே நச்சைச் சோதிப்பதும் நூறு வழக்குகளை விடப் பெரிய பலன் தரும்.

தண்டனையைக் கூட்டினால் போதுமா?

2016 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் பால் கலப்படத்துக்கு ஆயுள் தண்டனை வரை விதிக்கும்படி சட்டத்தைத் திருத்துவது பற்றி மத்திய, மாநில அரசுகளுக்கு யோசனை சொன்னது. உத்தரப் பிரதேசம், மேற்கு வங்கம், ஒடிசா ஆகியவை இந்திய தண்டனைச் சட்டத்தில் ஏற்கெனவே அப்படித் திருத்தம் செய்திருந்ததை எடுத்துக்காட்டியது. ஆனால் 2024 பிப்ரவரியில் வேறொரு வழக்கில் அதே நீதிமன்றம், பாதுகாப்பற்ற உணவு விஷயத்தில் உணவுப் பாதுகாப்புச் சட்டமே மேலோங்கி நிற்கும், தண்டனைச் சட்டத்தின் கலப்படப் பிரிவுகளில் சேர்த்து வழக்கு நடத்த முடியாது என்று கூறிவிட்டது. ஆயுள் தண்டனை என்ற முழக்கத்துக்கு நடைமுறையில் இடம் குறைந்துவிட்டது.

அதனால் கவலைப்படத் தேவையில்லை என்பதே நம் கருத்து. சீனாவில் 2008-ல் பால் பவுடரில் மெலமின் கலந்ததில் 6 குழந்தைகள் இறந்தனர், ஏறத்தாழ 3 லட்சம் குழந்தைகள் நோயுற்றனர். இருவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. ஆனால் தண்ணீர் கலந்த பாலில் மெலமினைச் சேர்த்தால் புரதச் சோதனையில் தேறிவிடும் என்ற ஓட்டை நெடுநாள் திறந்தே கிடந்தது. மாதக்கணக்கில் வந்த புகார்களை நிறுவனம் மறைத்தது. முதல் புகாரிலேயே மாதிரி எடுத்திருந்தால் அத்தனை பிள்ளைகள் நோயுற்றிருக்க மாட்டார்கள். தூக்குக் கயிற்றால் அதைத் திருப்பித் தர முடியவில்லை.

லேபிளைச் சுற்றிய அரசியல்

லேபிள் சட்டம் யார் கையில் எப்படி வேலை செய்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2023 மார்ச்சில் தயிர் பாக்கெட்டில் 'தஹி' என்று எழுதச் சொன்ன உத்தரவு தமிழக எதிர்ப்பால் திரும்பப் பெறப்பட்டது. 2024 ஆகஸ்டில் 'ஏ1, ஏ2' என்று பாலில் எழுதி விற்பது தவறாக வழிநடத்துகிறது, நீக்குங்கள் என்று ஆணையம் உத்தரவிட்டது. ஐந்தே நாளில் அதையும் திரும்பப் பெற்றது, சம்பந்தப்பட்டவர்களோடு மேலும் ஆலோசிக்க வேண்டுமாம்.

இவற்றுக்கு நடுவே, 2023 நவம்பர் 18 அன்று உத்தரப் பிரதேச அரசு ஹலால் சான்று முத்திரையிட்ட உணவுகளின் தயாரிப்பு, இருப்பு, விற்பனை அனைத்தையும் இதே உணவுப் பாதுகாப்புச் சட்டத்தைக் காட்டித் தடை செய்தது. ஏற்றுமதிக்கு மட்டும் விலக்கு. பால் பொருட்களும் அந்த உத்தரவில் பெயர் சொல்லப்பட்டிருந்தன. சென்னையில் உள்ள ஒரு சான்று நிறுவனம் உட்படப் பலர் மீது காவல்துறை வழக்கும் பதிவானது. விவகாரம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. தனியார் முத்திரைகள் குழப்பம் தருகின்றன என்று அரசு கருதினால் அவற்றுக்கு விதி வகுக்கலாம். ஆனால் கொழுப்பு அளவைப் பொய்யாக எழுதும் பாக்கெட்டுக்கு 3 லட்ச அபராதத்தோடு நிற்கும் சட்டம், யாருடைய உடலுக்கும் கேடு செய்யாத ஒரு முத்திரைக்கு எதிராக ஒரே நாளில் முழு வேகத்தோடு பாய்ந்ததை நாம் கவனிக்காமல் இருக்க முடியாது. விரும்பினால் சட்டத்தால் வேகமாக நடக்க முடியும் என்பது மட்டும் உறுதியாகிவிட்டது. அந்த வேகம் உண்மையான கலப்படத்தின் மீது திரும்பட்டும் என்பதே நம் கோரிக்கை.

உமர் (ரலி) காலத்துத் தெரு

பாலில் தண்ணீர் கலக்கச் சொன்ன தாயையும் மறுத்த மகளையும் பற்றிய நிகழ்ச்சியை நாம் சிறுவயதிலிருந்தே கேட்டிருக்கிறோம். உமர் பார்க்கவில்லையே என்று தாய் சொல்ல, உமரைப் படைத்தவன் பார்க்கிறானே என்று மகள் சொன்னதாக வரலாற்றில் வருகிறது. அந்தப் பெண்ணைத் தம் மகன் ஆஸிமுக்கு உமர் (ரலி) மணமுடித்து வைத்தார்கள். அவர் வழியில்தான் உமர் பின் அப்துல் அஸீஸ் (ரஹ்) பிறந்தார்கள்.

இறையச்சத்தின் பாடமாகவே இதை பயான்களில் சொல்கிறோம். அது சரி. ஆனால் இதில் இன்னும் இரண்டு செய்திகள் இருக்கின்றன. பாலில் தண்ணீர் கலக்கக் கூடாது என்ற உத்தரவு முன்பே மக்களுக்கு அறிவிக்கப்பட்டிருந்தது. அந்த உத்தரவைப் போட்ட ஆட்சியாளர் இரவில் தெருவில் நடந்துகொண்டிருந்தார்கள். சட்டம், கண்காணிப்பு, உள்ளத்தின் அச்சம் மூன்றும் சேர்ந்துதான் அந்தச் சந்தை சுத்தமாக இருந்தது. நபி (ஸல்) அவர்களும் தானியக் குவியலுக்குள் தம் கையை விட்டு ஈரத்தைக் கண்டறிந்த பிறகே வியாபாரியைக் கண்டித்தார்கள். மேலோட்டமாகப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லவில்லை, மாதிரி எடுத்தார்கள்.

நாம் செய்ய வேண்டியவை

பாக்கெட்டின் வண்ணத்தைப் பார்க்காமல் எழுத்தைப் படிப்போம். சமன்படுத்திய பாலில் 3 சதவீதக் கொழுப்பும், நிலைப்படுத்திய பாலில் 4.5 சதவீதமும், நிறைகொழுப்புப் பாலில் 6 சதவீதமும் இருக்க வேண்டும். 14 இலக்க உரிம எண், தயாரிப்பாளர் முகவரி, பயன்படுத்த வேண்டிய கடைசித் தேதி இல்லாத பாக்கெட்டை வாங்க வேண்டாம். அளவு குறைந்தால் புகார் போக வேண்டிய இடம் தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவு. தரம் குறைந்தால் மாவட்ட நியமன அலுவலர்.

சட்டத்தின் 40-ஆவது பிரிவை நம்மில் மிகச் சிலரே அறிவோம். வாங்கும் எவரும், வாங்கும்போதே விற்பவரிடம் சொல்லிவிட்டு, கட்டணம் கட்டி, உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதனைக்குக் கொடுக்கலாம். தவறு உறுதியானால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். அறிக்கை நியமன அலுவலருக்குப் போய், அதுவே வழக்குக்கு அடிப்படையாகும். தனி ஒரு குடும்பத்துக்கு இது சிரமம். மஹல்லா ஜமாஅத் ஒன்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை தன் தெருவில் விற்கும் பாலைச் சோதனைக்குக் கொடுப்பது சிரமமே அல்ல. உணவால் பாதிப்பு நேர்ந்தால் இழப்பீடு கேட்க 65-ஆவது பிரிவில் வழி உண்டு.

அரசிடம் நாம் கேட்க வேண்டியவை மூன்று. மாவட்டவாரியாக எத்தனை மாதிரி எடுத்தார்கள், எத்தனை தவறின, எந்த நிறுவனம் எவ்வளவு கட்டியது என்பதை மாதந்தோறும் வெளியிட வேண்டும். இரண்டாம் முறை தண்டனை பெற்றவரின் பெயரையும் குற்றத்தையும் அவர் செலவிலேயே நாளிதழில் வெளியிட 64-ஆவது பிரிவு இடம் தருகிறது, அதைப் பயன்படுத்த வேண்டும். அபராதத்தின் உச்சவரம்பை நிறுவனத்தின் விற்பனை அளவோடு இணைக்க வேண்டும்.

ஹலாலாக இருந்தால் மட்டும் போதாது, தய்யிபாகவும் இருக்க வேண்டும் என்பது நம் மார்க்கம். பாலை இறைவன் தன் அத்தாட்சிகளில் ஒன்றாகச் சொல்கிறான். சாணத்துக்கும் இரத்தத்துக்கும் இடையிலிருந்து அவன் தூய்மையாக வெளிக்கொண்டுவரும் அந்த அருள், நம் பிள்ளைகளின் டம்ளருக்கு வந்து சேரும்வரை தூய்மையாக இருக்கச் செய்வது நம் எல்லோர் மீதுமுள்ள பொறுப்பு. அடுத்த காணொளியைப் பகிர்வதற்கு முன், கையில் இருக்கும் பாக்கெட்டைத் திருப்பிப் பார்ப்போம். சந்தேகம் இருந்தால் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுப்போம். அந்தப் புகாரின் எண்ணைப் பத்திரமாக வைத்துக்கொண்டு, வழக்கு எங்கே நிற்கிறது என்று மாதம் ஒருமுறை கேட்போம்.